மச்சானுக்கு வாங்கிய மீட்டர்

என் மச்சான் முகத்தில் கரி பூசுவதற்காகத்தான் அந்த டீசல் பிரஷர் மீட்டரை வாங்கினேன். இன்ஜின் நீடிக்க வேண்டும், மைலேஜ் கிடைக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் அளந்ததெல்லாம் சும்மா.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் லாரி ஷெட்டுக்கு அவர்தான் மெக்கானிக். முதலாளி என் சொந்த அண்ணன். போன வருஷம் நான் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய வண்டி முழு லோடோடு ஏற்றத்தில் நின்றுபோனது. டீசல் பம்ப் உள்ளே தேய்ந்துபோய், டீசலைத் தெளிக்கும் நாசில்களும் பாழ். சரக்குக்காரர் ஷெட்டுக்கே வந்து, யார் தப்பு என்று கேட்டார். டிரைவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம். கழற்றிய பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் சொன்னார்: “டாங்க காயவிட்டு ஓட்டியிருக்காப்ல. காத்து இழுத்திருக்கு.”

டாங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. சொன்னேன். வண்டியைக் கட்டி இழுத்து வருவதற்குள் ஊற்றியிருப்பான் என்று ஒருவன் சிரித்தான், அவ்வளவுதான், கதை முடிந்தது. டாங்கைக் காயவிட்டவன் என்ற பேர் எங்கள் தொழிலில் குடிகாரன் என்ற பேரைவிட மோசம். குடிகாரனுக்காவது காலையில் தெளிந்துவிடும். வேறு ஷெட்டுகளில் போய் நின்றால், “ஓ, நீதானா அது?” என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அண்ணன் மட்டும் தோளில் கை போட்டு, “விடுடா, சொந்தத் தம்பிய வெளியவா தள்ளிடுவேன்?” என்றார். ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு தார்ப்பாய் கட்டும் வேலை கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அண்ணன் கடவுள், மச்சான் சகுனி என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், “இனிமே உங்கண்ணன் வீட்டு வாசப்படிய மிதிச்சா, அப்படியே அங்கேயே இருந்துக்கோ,” என்றேன். மச்சானை அடிக்க எனக்குக் கிடைத்த முதல் கல் அதுதான். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வருஷம் முழுக்கக் கயிறு இழுத்துக்கொண்டே யோசித்தேன். பம்ப் எப்போது அப்படித் தேயும்? டீசல் போதாமல் பட்டினி கிடந்தால் தேயும். டாங்க் நிறைந்திருந்தும் ஏன் பட்டினி? நடுவில் இருக்கும் ஃபில்டர் அடைத்திருந்தால். அந்த ஃபில்டரை மாற்ற வேண்டியவர் யார்? என் அருமை மச்சான். புதுசு போட்டதாகச் சொல்லிவிட்டு, பழையதையே கழுவி மாட்டிப் புதுசின் காசைப் பையில் போட்டிருப்பார் என்று முடிவு கட்டினேன். இனி அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனதும், ஆளில்லாமல் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இருப்பதிலேயே பழைய வண்டி. குன்றின் மேல் நடக்கும் கட்டட வேலைக்குக் கல் ஏற்ற வேண்டும்.

“ஒரு மீட்டர் போட்டாத்தான் ஏறுவேண்ணே. டீசல் எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு காட்டும்.”

“பொம்மையா? ஆசையா இருந்தா மாட்டிக்கோ,” என்று சிரித்தார்.

பொம்மை கடையில் மூன்று வகை இருந்தது. முதலாவது இன்ஜின் மேலேயே உட்காரும். பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் தூக்க வேண்டும். நின்ற வண்டியில் நான் எதைப் பிடிக்க? இரண்டாவது, டீசலையே குழாய் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவருவது. குழாய் விட்டால் மடியில் டீசல் ஊற்றும். பழிவாங்கத்தான் வந்தேன், தீக்குளிக்க வரவில்லை. மூன்றாவதில் சென்சார் இன்ஜின் பக்கம் இருக்கும், ஒயர் மட்டும் உள்ளே வரும். அதிலும் கடைக்காரர் நூறு வரைக்கும் அளவு போட்டதை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். எங்கள் வண்டியின் அழுத்தம் அதில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடக்கும், பாதியாக விழுந்தாலும் ஊசி நகத்தளவுதான் நகரும். சின்ன அளவு போட்டதாக, விழுந்தால் ஊசி தொபுக்கடீரென்று விழுவதாகத் தேடி எடுத்தேன். கண்ணாடி போடாதவனுக்கும் தெரிய வேண்டும் என்று பெரிய வட்டமாகப் பார்த்து வாங்கினேன்.

மாட்டும் வேலையையும் மச்சானிடமே கொடுத்தேன். தன் குழியைத் தானே வெட்டட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் என்னை ஏமாற்றலாம். ஃபில்டருக்கு முன்னால் சென்சாரை மாட்டிவிட்டால், ஃபில்டர் எவ்வளவு அடைத்திருந்தாலும் ஊசி ஜம்மென்று மேலேயே நிற்கும். ஃபில்டரைத் தாண்டிய பக்கம் மாட்டினால்தான் பம்புக்கு உண்மையில் என்ன போகிறது என்று தெரியும். அவர் முன்பக்கம் கை வைத்ததும் சட்டையைப் பிடிப்பது என்று பக்கத்திலேயே நின்றேன்.

மச்சான் ஸ்பேனரை எடுத்தார். என்னைக் கேட்காமலே ஃபில்டரைத் தாண்டிய பின்பக்க போல்ட்டைக் கழற்றினார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொழுப்பா, இல்லை புத்தி மழுங்கிவிட்டதா என்று புரியவில்லை. செம்பு வாஷர் புதுசு போட்டார். சென்சாரை நேராக இன்ஜினில் திருகாமல், சின்ன ஹோஸ் குழாய் வைத்துச் சேஸிஸ் சட்டத்தில் கட்டினார். “நேரா மாட்டினா ஆட்டத்துலயே செத்துரும் மாப்ள,” என்றார். ஒயரைச் சைலன்சர் பக்கம் போகாமல் சுற்றி இழுத்தார். கடைசியாகக் கை பம்பை அடித்து அடித்து, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை எடுத்தார். அவர் கைவேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு இன்னும் எரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி எப்படி இருக்கா?”

“ஒயர இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க,” என்றேன்.

முதல் லோடு அன்று, மேலே கட்டட என்ஜினியரைப் பார்க்க அண்ணனும் போக வேண்டியிருந்தது. என் வண்டியிலேயே வாருங்கள் என்றேன். புது வேலை செய்த வண்டி, மெக்கானிக்கும் கூட வரட்டும் என்றேன். அண்ணன் நடுவில், மச்சான் ஜன்னலோரம். கல்யாணத்துக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டியதில்லை. சமதரையில் ஊசி அசையாமல் நின்றது. அண்ணன் அந்தக் காலத்தில் இதே ஏற்றத்தை ஒற்றைக் கையால் ஏறிய வீரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏற்றம் வந்தது. கியரை இறக்கி மிதித்தேன். ஊசி இறங்கியது. இன்னும் மிதித்தேன். சிவப்புக்குள் விழுந்து, அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. வண்டி மூச்சு வாங்கியது. பிரேக்கைப் போட்டு நடுரோட்டில் நிறுத்தினேன்.

“பாருங்க மச்சான்! நல்லாப் பாருங்க! டாங்க் ரொம்பியிருக்கு. யாருய்யா காயவிட்டது? ஃபில்டர் புதுசா போட்டீங்களா, கழுவிப் போட்டீங்களா? எங்கண்ணன் முன்னாடி சொல்லுங்க!”

மச்சான் மீட்டரைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அண்ணன் முகம் சுருங்கியது. “ஃபில்டர் அடைச்சிருக்கு, அதுக்கு ஏன் இந்தக் கூத்து? கழுவிப் போடச் சொன்னது நான்தான். எல்லா வண்டிக்கும் புதுசு வாங்கிக் கட்டுப்படியாகுமா?”

“அப்ப பெரிய வண்டி?”

“அதுவும்தான். வண்டிய ஒழுங்கா வச்சுக்கலன்னு தெரிஞ்சா சரக்குக்காரர் கான்ட்ராக்ட்டையே தூக்கியிருப்பாரு. டிரைவர் தப்புன்னா டிரைவர மாத்தினாப் போதும். இவர்கிட்ட நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீ என் தம்பிடா. தம்பி தாங்கிக்குவான்னு நினைச்சேன்.”

தோளில் கை போட வந்தார். அந்தக் கை எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது, ஆனால் குரல் மட்டும் ஆச்சரியமாக அமைதியாக வந்தது.

“அண்ணே, நீங்கதான் இந்த மேட்டுல ஒத்தக் கையில ஏறினவராச்சே. ஏத்திக் காட்டுங்க.”

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். மச்சானும் மறுபக்கம் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டார். எங்கள் ஷெட்டு வண்டிகளே பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. வேறு வழியில்லாமல் அண்ணன் ஸ்டியரிங்குக்கு நகர்ந்தார். கிளப்பினார், வண்டி முக்கியது, அணைந்தது. மறுபடி கிளப்பினார். வியர்வை வழிந்தது. மூன்றாம் முறை வண்டி ஒரே குலுக்காகக் குலுக்கி அடங்கியது. டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். போன வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்தவனே ஜன்னலருகில் போய், “முதலாளி, டீசல் போட்டீங்களா?” என்று பணிவாகக் கேட்டான். சிரிப்பு வளைவு வரைக்கும் போனது. அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்த நிமிஷத்தை எனக்கு யார் எதைக் கொடுத்தாலும் விற்க மாட்டேன்.

“ஏன் மச்சான், இத முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?” என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. “வேலை போயிரும்னு பயந்தேன். உம்பேரக் கெடுத்தேன். தப்புதான். அதனாலதான் கேக்காமலே பின்பக்கம் மாட்டினேன். எங்கிட்ட நீ கணக்க எப்படி வேணா தீத்துக்க மாப்ள.” பானெட் பக்கம் ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினார். “என் தங்கச்சி என்னய்யா பண்ணினா? எனக்குப் பொண்ணு பொறந்து, அது அம்மான்னு சொல்லவே ஆரம்பிச்சிருச்சு. இன்னும் அது அத்தை முகத்தப் பாக்கல.”

சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கப் போய்விட்டார். நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். சிரிப்பு பின்னால் நடந்துகொண்டேயிருந்தது, ஆனால் எனக்கு அதில் பங்கு இல்லாமல் போயிற்று. மனைவிக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள். “உங்கண்ணன்…” என்று ஆரம்பித்தேன்.

“என்னங்க,” என்றாள், குரலில் பயத்தோடு. “எங்கண்ணன என்ன பண்ணீங்க?”