ஓம வாட்டர் வாங்கப் போனவர்

மயிலாப்பூரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் உதிராது. கணக்கு வாத்தியார் சந்திரமௌலியைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் 'ஓம வாட்டர்' என்றுதான் சொன்னார்கள். சூட்டியவள் அவர் மனைவி கோமளம்.

மகள் மாளவிகா பிறந்த அன்று நடந்தது அது. டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்பே கோமளத்துக்கு இடுப்பு வலி. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மனிதர், தலையைக்கூடத் தூக்காமல் "வாயுவா இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, லஸ் கடைத்தெருவுக்கு ஓம வாட்டர் வாங்கப் போனார். வழியில் சிநேகிதரோடு ஒரு காபி வேறு. கடைசியில் குழந்தை ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவிலேயே பிறந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் கோமளம் பந்தியை விட்டு எழுந்ததில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. பாவம் என்று நினைத்தோ என்னவோ, இப்போதெல்லாம் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

இன்றைக்கு மாளவிகாவுக்கு முப்பத்தைந்தாவது வாரம். கணவன் சாய்சரண் பெங்களூரில் இருந்தான்; இவள் பிரசவத்துக்கு அப்பாவிடம் வந்திருந்தாள். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் பதினைந்து நாளாக ஒரு பை தயாராக இருந்தது. ஸ்கேன் ஃபைல், மாற்றுத்துணி, கோமளத்தின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்த துண்டுகள். மெட்ரோ வேலைக்காக எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள் என்று ஸ்கூட்டரில் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்குப்பா. இப்பவே மூட்டை கட்டிண்டா எப்படி?" என்று நேற்றுகூட மாளவிகா சிரித்திருந்தாள்.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நின்றாள். ஃப்ரிட்ஜ் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் கழித்து விட்டாள்.

"என்னடி பண்றது?"

"ஒண்ணுமில்லப்பா. நேத்து வாழைக்காய் கறி. வாயுவா இருக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் அடுப்பை அணைத்தார். அவளை இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். நாள்காட்டித் தாளைக் கிழித்து மணியைக் குறித்தார். எட்டு பத்து. எட்டு பதினெட்டு. எட்டு இருபத்தாறு. வலி முதுகில் ஆரம்பித்து முன்பக்கம் சுற்றி வந்தது. படுத்தும் விடவில்லை. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் ஓம வாட்டர் குடிச்சா சரியாயிடும்ப்பா," என்றாள், அந்த வலியிலும் குறும்பாக.

"ஓம வாட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டாக்டர் உடனே வரச் சொல்லிட்டா. கார் வந்துண்டிருக்கு. செருப்பை மாட்டிக்கோ."

ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விட்டார்கள். "பிரசவ வலிதான் சார். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்துட்டீங்க. குழந்தை டாக்டரையும் தயாரா இருக்கச் சொல்லிடறேன்," என்றார் டாக்டர்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ முந்நூறு கிராம். மூச்சு நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் கண்காணிப்பில் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். நர்ஸ் துணி கேட்டபோது சந்திரமௌலி கோமளத்தின் புடவைத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அப்பா, இனிமே உன்னை யாரும் ஓம வாட்டர்னு சொல்ல முடியாது," என்றாள் மாளவிகா, படுக்கையிலிருந்து.

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். இத்தனை வருடம் எரிச்சலோடு கேட்ட கதை. அதைக் கோமளத்தின் வாயால் இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

"யாராவது சொன்னாத் தேவலைடி," என்றார்.