பீளமேட்டில் சிறுத்துப்போன கார் கம்பெனி

1994ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பீளமேட்டுக் கார் தொழிற்சாலை முதன்முறையாக ஒரு முழம் சிறுத்தது. காம்பவுண்டுச் சுவர் உள்ளே தள்ளி நின்றது. பழைய இடத்தில் ஈரமண் ஒரு கீற்றாகத் தெரிந்தது. மழைக்கு மண் இறங்கியிருக்கும் என்று முதலாளி திருமூர்த்தி மேஸ்திரியிடம் சொன்னார். ஆனால் காரணம் அவருக்குத் தெரியும். போன வாரம் கம்பெனிக் கூட்டத்தில், வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்திருந்த அவருடைய தங்கை மகன் மதன்குமார் எழுந்து, "கம்பெனி ரொம்பப் பெருத்துப்போச்சுங்க மாமா. வெளிநாட்டுக்காரனெல்லாம் கடை போட வாரான். சிறுசானாத்தான் பொழைக்கும்" என்றான். கோபிசெட்டிபாளையத்து வாழைத்தோட்டத்தை விற்றுத் தன் அப்பா எழுப்பிய கூரைகளை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "சரி கண்ணு, சிறுசாகட்டும்" என்று திருமூர்த்தி சொல்லிப்போட்டார்.

கட்டடம் அதைக் கேட்டுக்கொண்டது. மாதாமாதம் கூரை தாழ்ந்தது, இயந்திரங்கள் சுருங்கின, கார்களும் சிறுத்து வெளியே வந்தன. அவை எந்தச் சந்திலும் நுழைந்தன, பெட்ரோலைக் கொஞ்சமாகக் குடித்தன. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். கம்பெனி பிறந்ததிலிருந்து காணாத லாபம் வந்தது. வாசலில் நுழைய முடியாதவர்களுக்கு வேலை போனது. மற்றவர்கள் வேலை செய்யச் செய்ய வாசலுக்கேற்ற அளவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

மறு வருடம் தைப்பொங்கல் கழிந்து, ஃபோர்மேன் மாசாணத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் மனைவி மாரியாத்தாள் திருமூர்த்தியின் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க மொதலாளி, நீங்க சொன்ன சொல்லுதானுங்களே? நிறுத்தச் சொல்லுங்க. காலைல தண்ணிக் குண்டாவுக்குள்ள உழுந்துபோட்டாருங்க."

"எறக்கி உடு புள்ள, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றான் மாசாணம், முதலாளியின் முகத்தைப் பார்க்காமல்.

திருமூர்த்தி அன்றே தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போனார். தன் மார்பளவே இருந்த வாசலில் குனிந்து, "போதும், நின்னுக்க" என்றார். அவர் கண்ணெதிரே சுவர் இன்னொரு விரற்கடை உள்ளே போனது. முழங்கால் உயரத்தில் மதன்குமார் வெளியே வந்தான். முகம் மினுங்கியது. "இப்பத்தானுங்க மாமா நல்லாப் போகுது" என்றான். திருமூர்த்தி அவனை அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டினார். விடிந்தபோது அவன் கதவிடுக்கு வழியாக வேலைக்குப் போயிருந்தான்.

1997இல் தொழிற்சாலை ஓர் அண்டா அளவுக்கு வந்தது. சங்குச் சத்தம் சில்வண்டின் சத்தம்போலக் கேட்டது. கார்கள் கடுகளவில் வெளிவந்து மண்ணில் வரிசையாக நின்றன. வாங்க யாரும் வரவில்லை, உள்ளே யாரும் வேலையை நிறுத்தவுமில்லை. திருமூர்த்தி பகலெல்லாம் அங்கேயே குடையோடு உட்கார்ந்து காக்கை விரட்டினார். ஒருநாள் தும்மல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சாலைவரை ஓடினார்.

1999இல் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மண்ணில் காதை வைத்தால் மட்டும் காலை எட்டு மணிச் சங்கு கேட்கும். பீளமேட்டுக்காரர்கள் அந்தக் காலிமனையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். மத்தியானமானால் மாரியாத்தாள் வந்து, வாழையிலைத் துண்டில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை வைத்துவிட்டு உட்காருவாள். சாயங்காலம் பருக்கை இருக்காது. இலையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள்.