உபகாரசாமிக்கு இறங்கியது

உபகாரசாமிக்குக் காசநோய் என்று தெரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் சுகாதார நிலையத்தின் எடைக்கருவியில் முள் நாற்பத்து மூன்றைத் தாண்ட மறுத்தது. சத்துள்ள சாப்பாடு உள்ளே போகிறதா என்று நர்ஸ் அறிவுச்செல்வி ஒவ்வொரு முறையும் கேட்டார். தினமும் இரண்டு முட்டை கொடுக்கிறேன் என்றாள் அவன் மனைவி இன்பமேரி.

அவள் சொன்னது பொய்யில்லை. மஞ்சள் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் இப்போது அங்கேயே வாசல் காவல் பார்த்துப் பாதிக் கூலி வாங்கினான். அவளுக்குக் கொலுசுப் பட்டறையில் சலங்கை கோக்கிற வேலை. கடை முட்டை கட்டுப்படியாகாது. அதனால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிப் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போய், விரிசல் விட்ட முட்டைகளை மலிவாக வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவருவாள். அவித்தால் வெடித்துவிடும் என்று வெங்காயம் போட்டுப் பொரித்து டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுப்பாள்.

ஒருநாள் அவன் மதிய மாத்திரையை மறந்துவிட்டுப் போனதால் கிடங்குக்கே கொண்டுபோனாள். வாசலில் லாரி டிரைவர் பொன்னன் எழுந்து கும்பிட்டான்.

"உங்க முட்டப் பொரியல் இல்லீன்னா எனக்குச் சோறே எறங்கறதில்லீங்க்கா" என்றான்.

இன்பமேரி சிரித்து வைத்தாள். மாத்திரையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங்க, எத்தன நாளா இது?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து முட்ட வாசம் பட்டாலே கொமட்டுது மேரி. நீ பஸ்ஸேறிப் போயி வாங்கிட்டு வாரே. எப்புடிச் சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்தது. ஞாயிறுதோறும் நின்றுகொண்டே வந்த பஸ் பயணம் நினைவில் ஓடியது. கோபமும் வந்தது, ஆனால் எதிரே இருந்தவனின் கழுத்தெலும்பைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

"செரி, என்னதான் எறங்குது?"

கொள்ளுப் பருப்பு என்றான். வறுத்த கடலைக்காயும் தின்ன முடியும் என்றான்.

மறுநாள் நர்ஸிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கொள்ளு, கடலை, பாசிப்பயறு, தயிர், எது குமட்டாமல் உள்ளே நிற்கிறதோ அதைத் தினமும் வயிறு நிறையக் கொடுக்கும்படி சொன்னார் அறிவுச்செல்வி. முட்டையை விட இது செலவும் குறைவு. கொள்ளைக் குழைய வேகவைத்துக் கடைந்தாள். முளைகட்டிய பயறைத் தாளித்தாள். ஏரியில் மீன் பிடிக்கிற நாட்களில் பொடி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அதுவும் அவனுக்கு ஒத்துக்கொண்டது.

அடுத்த மாதம் முள் நாற்பத்து நாலரையில் நின்றது. அதற்கடுத்த மாதம் நாற்பத்தாறு. மருந்துக் காலம் முடிந்து நர்ஸ் மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்று ரேஷன் கடைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். அரிசிப் பையை எடுக்க அவள் குனிவதற்குள் உபகாரசாமி அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான். அவளும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றாள்.