பிரேக்குக்காரியின் கால்

பிரேக்குக்காரியின் வலது கால் எலும்பு ஏழு வருடம் முறிந்தது முறிந்தபடியே இருந்தது. சரியாகக் கூடவில்லை, கோணலாகக் கூடிவிட்டது என்பது போன்ற கதை இல்லை இது. முறிந்த நிமிடத்தில் எப்படித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்ததோ, அப்படியே ஏழு வருடமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் அன்றைக்கு வழிந்த வேகத்திலேயே வழிந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுடைய அண்ணி, அந்தக் காலைத் தூக்கி வைத்திருந்த ஸ்டூலுக்கு அடியில் காலையில் ஒரு கிண்ணம் வைப்பாள், மாலையில் எடுத்துக் கழுவி வேறொன்று வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு கிண்ணத்தை மிதித்துவிடாமல் சுற்றிப்போகப் பழகிக்கொண்டார்கள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்தக் காரில் கற்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் இவளுக்கு ஒரு பிரேக். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் வண்டி நிற்பது இவள் காலடியில்தான். மாவட்ட அதிகாரியின் மனைவியும் இறைச்சி வண்டிக்காரனும் ஒன்றுபோல அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கால் முறிவதற்கு முன்னெல்லாம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டீ குடிக்கும்போது தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், இங்கே அவள் வலது கால் தரையில் ஓங்கி மிதிக்கும். எதிரே வரும் லாரி நிற்கவும் செய்யும். லாரிக்காரன் தானாகத்தான் நிறுத்தினான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் விழுந்தது மார்க்கெட் ரோட்டுப் பெரிய கடையில். அங்கே ஐஸ்கிரீம் பெட்டி பல வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது, அடியில் ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அன்று காலை கடையைச் சுற்றிப்பார்த்த முதலாளிக்குச் சாக்கு அசிங்கமாகப் பட்டது. எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். முட்டை அட்டையோடு திரும்பிய பிரேக்குக்காரியின் கால் அந்தத் தண்ணீரில் வழுக்கி, பெட்டியின் இரும்புக் காலில் அடித்து, பச்சை விறகு ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. முட்டைகள் அவள் உடுப்பின்மேல் உடைந்தன. பில் போடும் பெண்தான் ஓடிவந்து தலையைத் தாங்கினாள், செல்போனில் படமும் எடுத்தாள். அடுத்த வாரமே அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. மேனேஜர், அதாவது முதலாளியின் மனைவிக்குக் கூடப்பிறந்தவன், குனிந்து தரையைப் பார்த்தான், நிமிர்ந்தான். "தண்ணியே இல்லையேம்மா. நீங்களா விழுந்துட்டீங்க," என்றான். அவனுடைய செருப்பு அப்போது தண்ணீரில்தான் இருந்தது. கால் ஒடிந்ததைவிட அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தண்ணீர் இருந்தது என்று அந்த வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று தரையில் கிடந்தபடியே நினைத்தாள்.

அவளுடைய அண்ணன் இறைச்சிக்கடைக்காரன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள், ஆனால் தங்கை என்றால் உயிர். அன்றே கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை அண்ணி வழியில் மறித்து வக்கீலம்மாவிடம் இழுத்துப்போனாள். வக்கீலம்மா நிதானமாகச் சொன்னார். முதலில் டாக்டர் சான்றிதழ், அதில் வழுக்கி விழுந்ததால் என்று எழுதியிருக்க வேண்டும். பார்த்தவர்கள் பேரும் விலாசமும் வேண்டும். கடைக்காரன் பழக்கூடையோடு வந்து ஒரு தாளை நீட்டினால் பழத்தையும் தொடக்கூடாது, கையெழுத்தும் போடக்கூடாது. கெடு தாண்டுவதற்குள் நோட்டீஸ், பிறகு வழக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "சாட்சியத்துல கை வைக்காதீங்க. உடுப்பைத் துவைக்காதீங்க, செருப்பைத் துடைக்காதீங்க. கேஸ் முடியற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கணும்," என்றார். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அவர் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் அண்ணனைப் போல யாரும் அதைக் காதில் வாங்கியதில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். தங்கையின் காலைப் பார்த்து, ஆட்டுக்கறி வாங்க வரிசையில் முண்டுகிறவர்களை அதட்டுவதுபோல அதட்டினான். "கேட்டுச்சா? கேஸ் முடியற வரைக்கும் அப்படியே இருக்கணும்." கால் கேட்டுக்கொண்டது. ஆணியில் தொங்கிய உடுப்பிடம் சொன்னான். முட்டையின் மஞ்சள் கரு விளிம்புவரை வழிந்து, சொட்டாமல் நின்றுவிட்டது. கடைக்குப் போய்த் தண்ணீரிடமும் சொல்லிவிட்டு வந்தான். அந்தத் தெருவில் அவன் அதட்டி அடங்காதவர்கள் இல்லை, இவை மட்டும் எப்படி அடங்காமல் இருக்கும். டாக்டர் மூன்று தடவை எலும்பை இழுத்துச் சேர்த்துக் கட்டுப் போட்டார், மூன்று தடவையும் மறுநாள் காலையில் அது கட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பிறகு அவர், வழக்கு நிலுவையில் உள்ளது என்று சீட்டில் எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அண்ணன் மறந்த விஷயம் ஒன்று இருந்தது. காலோடு வலியும் அப்படியே நின்றுவிட்டது. எலும்பு ஒடிந்த முதல் நிமிடத்து வலி, மனிதருக்கு ஒரு நிமிடத்துக்குமேல் கொடுக்கப்படாத வலி, அவளுக்கு நாள் முழுவதும் இருந்தது. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டு தூளானது. அவளுக்கு நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, வயது ஏறவில்லை. தெருப்பெண்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும் உண்டு. "போதும்ண்ணே, ஆற விட்டுடு. என்னால முடியல," என்று அவள் கெஞ்சாத வாரம் இல்லை. அவன் அவள் தலையைத் தடவி அழுவான். அழுதுகொண்டே, "இப்ப விட்டா தண்ணி இல்லைன்னு ஆயிடும்மா. பொறுத்துக்கோ," என்பான். அவன்மேல் அவளுக்கு இருந்த பாசம் அவ்வளவும் அந்த வருடங்களில் வெறுப்பானது. சோறு ஊட்டும் கையைக் கடித்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

கடையில் தண்ணீரோடு பெரும்பாடு பட்டார்கள். துடைத்தால் துணியிலிருந்து வழிந்து திரும்பி வந்தது. சிமெண்ட் போட்டால் சிமெண்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. நோட்டீஸ் வந்த பிறகு முதலாளிக்குப் பயம் பிடித்து, கடப்பாரையோடு நாலு தடியன்களை வரவழைத்தார். அவர்கள் தரையையே பெயர்த்துப் பள்ளமாக்கினார்கள். கீழே தரை இல்லாவிட்டாலும் தண்ணீர் பழைய மட்டத்திலேயே, ஒரு தட்டு அளவுக்கு, அந்தரத்தில் நின்றது. சாட்சியத்தைக் கலைக்கிறார்கள் என்று சேதி கேட்டு அண்ணன் வெட்டுக்கத்தியோடு உள்ளே நுழைந்தான். முதல் தடியனின் தாடை பெயர்ந்தது. இரண்டாமவன் அலமாரியோடு சாய்ந்து, மேலே விழுந்த ஊறுகாய்ப் பாட்டில்களால் முகம் கிழிந்தான். மற்ற இருவரும் கடப்பாரையால் அண்ணனின் விலாவில் அடித்த அடியில் இரண்டு எலும்பு உள்வாங்கியது, ஆனாலும் அவன் நிற்கவில்லை. தடுக்கவந்த மேனேஜரின் வலது கை ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டுப் பறந்துபோய் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் விழுந்தது. அன்று கடை கழுவிய தண்ணீர் தெருமுனைச் சாக்கடைவரை சிவப்பாகப் போனது.

முதலாளிக்கும் ஒரு வக்கீல் இருந்தார், அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். முதலாளியின் அதட்டலும் லேசுப்பட்டதல்ல. மச்சானின் கையைப் பிடித்து, இது அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு சத்தம் போட்டார். அன்றிலிருந்து மேனேஜரின் விரல் இருந்த இடத்திலும் ரத்தம் நிற்கவில்லை. விரலைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தார்கள், அது பாட்டிலுக்குள் எப்படித் திருப்பி வைத்தாலும் அண்ணன் வீட்டுத் திசையையே காட்டியது. வெட்டுக்கத்தி வழக்குப் பொருளாகப் பதிவாயிற்று. வாய்தாதோறும் அதை அண்ணனே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு.

வழக்கு எல்லா வழக்குகளையும் போலவே நடந்தது. ஒரு ஜட்ஜ் ஓய்வுபெற்றார், ஒருவர் மாற்றலானார், ஒருவர் வாய்தா கொடுத்தே வழுக்கையானார். இடத்தைப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஆணையர் தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு, தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது அன்றைய தண்ணீர்தானா என்று சொல்வதற்கில்லை என்று அறிக்கை கொடுத்தார். வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் ஒரே நீள பெஞ்சு. ஒரு முனையில் ஸ்டூலில் கால் நீட்டிப் பிரேக்குக்காரி, மறுமுனையில் வாளிக்குள் கையைத் தொங்கவிட்டு மேனேஜர். சாட்சியம் என்பதால் தரையில் சிந்தியதைப் பெருக்குகிறவரும் துடைக்கவில்லை. முதல் வருடம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு, யாருக்கு அன்று அதிகம் வலிக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடுகிற அளவுக்குப் பழகிப்போனார்கள். அந்த ஊரில் அவளுடைய வலி தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

ஏழாவது வருடம் ஒரு காலை, அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். மேனேஜர் பெஞ்சில் நகர்ந்து வந்தான். "இன்னும் அதே மாதிரிதான் வலிக்குதாங்க?"

"அதே மாதிரிதான். உங்களுக்கு?"

"எனக்கும்." வாளியைத் தன் பக்கம் இழுத்துவைத்தான். "தண்ணி இருந்துச்சுங்க. சாக்கை எடுத்ததே நான்தான். அக்கா புருஷன், அவர் சோத்தைத் திங்கறேன். என்ன சொல்ல முடியும், சொல்லுங்க."

ஏழு வருடம் காத்திருந்த வார்த்தை இவ்வளவு சின்னக் குரலில் வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அது அவள் காதில் மட்டும் விழுந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். டீ டம்ளர்களோடு பின்னால் வந்து நின்ற அண்ணனின் காதிலும் விழுந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, டம்ளர்களைச் சுவரில் அடித்தான். "ஏழு வருஷம்டா! எந்தங்கச்சிய ஏழு வருஷம் துடிக்க வெச்சியேடா!" என்று கத்திக்கொண்டே, பெஞ்சின்மேல் கிடந்த வழக்குக் கத்தியை எடுத்து, இன்னும் ஈரமாக இருந்த அதன் பழைய ரத்தம் தெறிக்க, மேனேஜரின் கழுத்துக்கு நேரே ஓங்கி இறக்கினான்.

பிரேக்குக்காரி யோசிக்கவில்லை. மோதல் வருவது தெரிந்தது, கால் மிதித்தது. ஸ்டூல் எகிறிப் போக, ஏழு வருடம் தரை தொடாத வலது கால், எலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்தக் கால், அவள் உடம்பின் முழு கனத்தோடு தரையை ஓங்கி மிதித்தது. எலும்பு உள்ளே போய்ச் சேர்ந்த சத்தம் கோர்ட்டுக்குள் மேஜை தட்டிய சத்தத்தைவிடப் பலமாகக் கேட்டது. அவள் போட்ட அலறலில் வராந்தாப் புறாக்கள் பறந்தன. அண்ணன் நின்றுவிட்டான். கத்தி மேனேஜரின் கழுத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. அண்ணனின் வாய் திறந்தபடி, வாயிலிருந்து தெறித்த எச்சில் காற்றில், எல்லாம் நின்றது.

ஏழு வருடம் நின்றிருந்த மற்றதெல்லாம் கிளம்பிவிட்டது. அவள் காலில் வழிந்த ரத்தம் பழுப்பாகிப் பொருக்காக உதிர்ந்தது. ஹேங்கரில் மாட்டிக் கொண்டுவந்திருந்த உடுப்பில் முட்டை சொட்டி, ஏழு வருடத்து நாற்றத்தை ஒரே மூச்சில் விட்டது. அவளுடைய முடி தோள் தாண்டி இறங்கிப் பாதி நரைத்தது. மேனேஜரின் விரல் மொட்டையாகி மூடிக்கொண்டது, பாட்டிலில் இருந்தது வற்றிய மிளகாய் ஆனது. மார்க்கெட் ரோட்டில் அந்தரத்துத் தண்ணீர் பள்ளத்துக்குள் விழுந்து காய்ந்தது.

நாற்றம் தாங்காமல் ஜட்ஜே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். வக்கீலம்மா தலையில் கைவைத்து, "போச்சு, சாட்சியம் எல்லாம் போச்சு!" என்று உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கத்திக்கு அடியில் இருந்தபடியே வாயைத் திறந்தான். ஜட்ஜ் கையைக் காட்டித் தடுத்தார். கத்திக்குக் கீழே சொல்வது செல்லாது என்றார். மேனேஜர் தலையைக் குனிந்து மெல்ல வெளியே நழுவினான். வராந்தாவின் அந்தக் கோடிவரை நடந்துபோனான். அங்கிருந்து வாசல் பக்கம்தான், அப்படியே போயிருக்கலாம். பிரேக்குக்காரி மிதித்த காலை எடுக்காமல் பாரத்தை ஊன்றி, வியர்த்துக் கொட்ட, அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றான், சட்டையை இழுத்துவிட்டான், திரும்பி வந்து ஜட்ஜின் முன்னால் கை கட்டினான். அவன் தலைக்குமேல் இப்போது ஒன்றும் இல்லை.

"தண்ணி இருந்துச்சுங்கய்யா."

குமாஸ்தா எழுதிக்கொண்ட பிறகுதான் அவள் காலைத் தளர்த்தினாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். "மெதுவா. சட்டுனு எடுக்கக்கூடாது. மெதுவா." கத்தி இறங்கி, யாரும் இல்லாத பெஞ்சை இரண்டாகப் பிளந்தது. அண்ணன் திகைத்துச் சுற்றிப்பார்த்தான்.

"எங்கம்மா அவன்?"

"சொல்லிட்டான்ண்ணே."

அவன் நரைத்த அவள் தலையைப் பார்த்தான், தரையில் ஊன்றி நின்ற காலைப் பார்த்தான், பிளந்த பெஞ்சின் ஒரு பாதியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை. அதற்கு இன்னும் சில மாதம் பிடித்தது.

முதலாளி நஷ்ட ஈடு கட்டினார், ஐஸ்கிரீம் பெட்டியை மாற்றினார். மேனேஜர் வேலை போய், பஸ் நிலையத்துக்கு எதிரே சிறிதாகக் கடை வைத்தான், அங்கே எப்போதும் தரை காய்ந்திருக்கும். பிளந்த பெஞ்சில் இன்றும் வாதி ஒரு பாதியிலும் பிரதிவாதி ஒரு பாதியிலுமாக உட்காருகிறார்கள். பிரேக்குக்காரி லேசாகச் சாய்ந்து நடப்பாள், பழையபடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டுகிறாள். அண்ணனின் கோபம் குறையவில்லை. எடையில் சண்டை பிடிக்கிறவனிடம் வெட்டுக்கத்தியை ஓங்குவான், ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிடும். ஊரில் எங்கோ ஒரு சீட்டில் அவள் மிதித்திருக்கிறாள் என்று வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ பேசிக்கொண்டு, அவள் காலை எடுக்கும்வரை காத்திருக்கிறார்கள்.