பூமாரிக்கு இரண்டு கிரேடு

வெள்ளிக்கிழமை என் மகளுக்கு வாய்க்கணக்கில் ஏ. செவ்வாய்க்கிழமை அதே வாய்க்கணக்கில் டி. நடுவில் என்ன, பிள்ளையின் மூளையை எலி கடித்துவிட்டதா? இதைக் கேட்கத்தான் மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையின் பின்கட்டில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிற வேலை எனக்கு. சொல்லாமல் நின்றால் முதலாளி வாயில் வந்ததைப் பேசுவார். பேசட்டும். நான் பயந்தது என் வீட்டுக்காரரை நினைத்துத்தான்.

வேலப்பன் புரோட்டா மாஸ்டர். சங்கரன்கோவிலில் இருக்கிற அவருடைய அக்காவுக்கு, மகள் பெற்ற கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பூமாரியை அனுப்பிவை என்று தை மாதத்திலிருந்து நச்சரிப்பு. ஏ வாங்குகிற பிள்ளையை எப்படி அனுப்புவது என்று இவரும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். மார்க்கை எடுத்துவிட்டு ஏ, பி, சி என்று போட ஆரம்பித்திருந்த காலம். அந்த ஓர் எழுத்தில்தான் என் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தாள். டி என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஏழு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையை இடுப்பில் சுமக்குமாம்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது இதுதான். இரண்டாம் வகுப்பு நாகலக்ஷ்மி டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வாய்க்கணக்கில் ஏ. அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் ஞானபாய் டீச்சரிடம் திருதிருவென்று முழிக்கிறார்கள். வருஷா வருஷம் இதே கதை என்று ஞானபாய் டீச்சர் சண்டை போட, ஒருவர் வகுப்புக்கு இன்னொருவர் போய்ப் பரீட்சை வைத்துப் பாருங்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். ஞானபாய் டீச்சர் வந்து வைத்த பரீட்சையில் பல பேருக்கு பி ஆனது, சிலருக்கு சி. டி ஒருத்திக்குத்தான். அந்த ஒருத்தி என் வீட்டில் பிறந்தவள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று போனேன். ஹெட்மாஸ்டர் அறையில் அதற்கு முன்பே இரண்டு டீச்சர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நாகலக்ஷ்மி டீச்சர் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துக்காரர், குரல் உயர்த்தத் தெரியாதவர். அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நான் ஒரு மார்க் கூட்டிப் போட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும், சார்" என்றார்.

ஞானபாய் டீச்சர் விடவில்லை. நான் மட்டும் குறைத்தா போட்டேன் என்றார். எனக்கோ இரண்டு பேர் மேலும் ஆத்திரம். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், அது யாரென்று தெரிந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கிரேடு பட்டியல் சாயங்காலம் மேலே கல்வி ஆபீஸுக்குப் போய்விடும் என்று ஹெட்மாஸ்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், நம் கண் முன்னாலேயே இன்னொரு தடவை வைத்துவிடலாம் என்று எழுந்து வகுப்புக்கு நடந்தார்.

வாய்க்கணக்குப் பரீட்சை என்றால் தாளில் கேள்வி இருக்காது. டீச்சர் கேள்வியை வாசிப்பார், பிறகு மூன்று விடைகளை வாசிப்பார். பிள்ளைகள் தாளில் உள்ள மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். நாகலக்ஷ்மி டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டி நீட்டி விடைகளைச் சொன்னார். நான் பூமாரியையே பார்த்தேன். கண்ணை டீச்சர் முகத்தை விட்டு எடுக்கவில்லை. அவள் போட்டது எல்லாம் சரி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் ஞானபாய் டீச்சர் பார்த்தது பிள்ளையை அல்ல, நாகலக்ஷ்மி டீச்சரை.

"நாகு, சரியான விடை வரும்போ உங்க தலை ஆடுது" என்றார். குரலில் சண்டை இல்லை. "உங்களுக்கே தெரியாம ஆடுது."

நாகலக்ஷ்மி டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷி. தலை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு ஏ எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கிவிட்டது. அப்படியானால் டிதான் நிஜமா?

அடுத்து ஞானபாய் டீச்சர் வாசித்தார். கண் கொஞ்சம் மங்கல் அவருக்கு. தாளை வாய் மறைய மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி வாசிக்கிறார். மற்றப் பிள்ளைகள் குனிந்து டிக் போட்டுக்கொண்டிருக்க, பூமாரி மட்டும் கழுத்தை நீட்டி நீட்டி அந்தத் தாளின் ஓரத்தில் எதையோ தேடினாள். டீச்சர் பின்பக்கம் போனதும் தேடுவதையும் விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

ஞானபாய் டீச்சர் வாசிப்பதை நிறுத்தினார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே என்னைப் பார்த்தார். "முத்தாரம்மா, இங்க வந்து உங்க பிள்ளையக் கூப்பிடுங்க. தொடாதீங்க. கூப்பிட மட்டும் செய்யுங்க."

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. புரிந்ததும் வந்த கோபத்தில் அவரை அடித்தே இருப்பேன். என் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று கத்திவிட்டு, அவள் முதுகுப் பக்கம் போய், அதே குரலில் "பூமாரி" என்று கூப்பிட்டேன்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை.

இன்னொரு தரம் நான் கூப்பிடவில்லை. "காதென்ன அடைச்சா போச்சு", "செவிட்டு மூதேவி" என்று எத்தனை காலையில் ஏசியிருப்பேன். வாயில் வருகிற ஏச்சுதானே என்று இருந்தேன். மோவாயைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினால் சொன்னதைச் செய்வாள், அதனால் பிடிவாதக்காரி என்று முடிவு கட்டியிருந்தேன். பெற்றவளுக்குத் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

ஞானபாய் டீச்சர் கரும்பலகையில் ஒரு கூட்டல் எழுதி, பூமாரியின் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். போட்டாள். கழித்தல் எழுதினார், அதையும் போட்டாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு என்று நாகலக்ஷ்மி டீச்சர் என் காதில் சொன்னார், சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். என் வீட்டு விஷயம் எல்லாம் அவருக்குத் தெரியும். "ஏ இருந்துட்டுப் போகட்டும். கணக்கு அறியாத பிள்ளை ஒண்ணும் இல்லல்லோ. வேலப்பனும் சமாதானமாயிருவான்" என்றார்.

என் தலை தானாக ஆடப் பார்த்தது. அந்த ஓர் எழுத்து போதும், பிள்ளை என்னோடு இருப்பாள். வேறென்ன வேண்டும் எனக்கு?

ஞானபாய் டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "ஏ போட்டா இவளை எந்த டாக்டரும் பாக்கச் சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷம் என் கிளாஸுக்கு வருவா. நான் போட்ட டியும் பொய்தான். ரெண்டும் இவளப் பத்தினது இல்ல, எங்க ரெண்டு பேரப் பத்தினது."

வேலப்பனிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அவர் கத்துவார். காது கேட்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்பார். அக்காக்காரி அதற்கு மேல் ஒன்று சொல்வாள். எல்லாரோடும் நான் ஒருத்தி மல்லுக்கு நிற்க வேண்டும். நின்றுதான் ஆக வேண்டும், வேறு யார் நிற்பார்கள்?

"ஏயை அடிங்க, டீச்சர்" என்றேன். "டியையும் அடிங்க. கணக்கு போடுவா, காது கேக்காதுன்னு எழுதுங்க."

நாகலக்ஷ்மி டீச்சர் பேனாவை எடுத்தார். நான் சொன்னது மொத்த வகுப்புக்கும் கேட்டிருந்தது. பக்கத்திலேயே நின்ற பூமாரிக்குக் கேட்கவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி, அடுத்த கணக்கை எப்போது எழுதுவார்கள் என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.