கரவனில் பாதிப் பங்கு

கரவனை வாங்கிய நாளில் அக்காவும் தங்கையும் அதன் முன்னால் கட்டிப்பிடித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வண்டி. உள்ளே இரண்டு கட்டில், கையை நீட்டினால் எல்லாம் எட்டுகிற ஒரு குசினி, ஒரு சின்னக் கழிவறை. நிரூபா குடும்பமும் சிவாஜினி குடும்பமும் பாதிப் பாதியாகச் சேர்ந்து வாங்கியது. பள்ளிக்கூட விடுமுறைகளில் அது சிவாஜினிக்கு, ஏனென்றால் அவளுக்குத்தான் பிள்ளை இருந்தது. மற்ற நாட்களில் நிரூபாவுக்கு. ஒன்றரை வருடம் அந்த ஒழுங்கு பிசகவேயில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஜூனில், முதல் அலை கொஞ்சம் அடங்கி கரவன் பார்க்குகளைத் திறந்ததும், நிரூபாவும் அவள் கணவன் சிறிதரனும் புறப்பட்டார்கள். சிறிதரனுக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு வருடம். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் எடுக்கிற மருந்து, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். சாதாரணச் சளி, தடிமன் வந்தாலே ஆஸ்பத்திரிதான். சொந்தக் குசினி, சொந்தக் கழிவறை, பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றால் அவருக்குக் கரவனை விடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

"மூண்டு கிழமைதான். ஸ்கூல் லீவுக்கு முதல் உன்ர வாசல்ல கொண்டுவந்து விட்டிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் நிரூபா.

அவர்கள் நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கரையில் ஒரு கரவன் பார்க்கில் நின்றபோது மெல்பேர்னில் இரண்டாவது அலை கிளம்பியது. இப்போதைக்குத் திரும்பி வரவேண்டாம் என்று சிறிதரனுக்கு வைத்தியர் சொல்லிவிட்டார். ஜூலை எட்டாம் திகதி விக்டோரியா மாநில எல்லையையும் மூடினார்கள். கரவன் எல்லைக்கு அந்தப் பக்கம். மெல்பேர்னின் புறநகரான நோபல் பார்க்கில் இரண்டு அறை யூனிட்டுக்குள் சிவாஜினியும் அவள் கணவன் அருந்தவனும் ஒன்பது வயது மகளும் இந்தப் பக்கம்.

"அம்மா, இது எங்கட டேர்ன்தானே? பெரியம்மா ஏன் வரேல்லை?" என்று மகள் கேட்டாள்.

"பெரியப்பாவுக்குச் சுகமில்லாத உடம்பு. வந்தா ஆபத்து" என்றாள் சிவாஜினி. வாய் சொன்னதை மனம் ஒப்பவில்லை.

ஆகஸ்டில் மெல்பேர்னை இறுக்கிப் பூட்டினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போகக்கூடாது. நடக்கப் போனால் ஒரு மணித்தியாலம். அருந்தவன் ஆஸ்பத்திரிகளில் லிஃப்ட் திருத்துகிறவன், கையில் அனுமதிக் கடிதத்தோடு விடியவே போய்விடுவான். சிவாஜினி வேலை செய்த குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அவளை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் மகளின் ஒன்லைன் வகுப்பு, சுவரோடு சுவராய்ப் பக்கத்து யூனிட்காரரின் இருமல். கிழமைக்கு ஒருமுறை பக்கத்திலிருக்கிற ஸ்பிரிங்வேலுக்குப் போய் மரக்கறி வாங்கி வருவதுதான் அவளுக்கு உலகம்.

அந்த உலகத்துக்குள் ஒவ்வொரு நாளும் காலையில் அக்காவின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். கடல். கடலுக்குமேல் சூரியன். கரவனின் வெய்யில் மறைப்புக்குக் கீழே சிறிதரன் பேப்பர் வாசிக்கிறார். பச்சைக் கோப்பையில் தேத்தண்ணீர். அந்தக் கோப்பை சிவாஜினி தெரிந்தெடுத்து வாங்கியது. கதவில் தொங்குகிற துணி அவள் தைத்தது. தன் கோப்பையில் இன்னொருத்தி குடிப்பதைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு வயிறு எரியும். அது இன்னொருத்தி அல்ல, கூடப் பிறந்த அக்கா என்று நினைத்தால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

"பாக்காதயும். போனை வைச்சிட்டுப் படும்" என்பான் அருந்தவன்.

பார்க்காமலும் இருக்க முடியவில்லை. படம் ஐந்து நிமிடம் பிந்தினால் அவளே குரூப்பைத் திறந்து பார்ப்பாள்.

ஆகஸ்ட் நடுவில் அந்தப் படங்களுக்குள் லெட்சுமி வந்தாள். சிட்னியில் இருக்கிற சிங்கப்பூர்த் தமிழர், இராமனும் லெட்சுமியும். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தங்கள் கரவனோடு அதே பார்க்கில் நிற்கிறார்கள். இரண்டு கரவனுக்கும் நடுவில் வெறுமையாக விட்டிருந்த புல்லில் கயிறு போட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரை, அந்தப் பக்கம் இரண்டு கதிரை. லெட்சுமி நண்டுக் குழம்பை ஒரு மரக்குற்றியில் வைத்துவிட்டு விலகிப் போவாளாம், பிறகுதான் நிரூபா போய் எடுப்பாளாம். எல்லாம் அவ்வளவு கவனம்.

படத்துக்குக் கீழே நிரூபா எழுதியிருந்தாள்: "லெட்சுமி எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி."

சிவாஜினி அந்த வரியைப் பல முறை வாசித்தாள். பிறகு கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். மகள் வகுப்பில் இருந்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தன் இலக்கம் தெரியாதபடி போனை மாற்றி, அந்தக் கரவன் பார்க்கின் அலுவலகத்துக்கு எடுத்தாள்.

ஒரு வயதான ஆண் குரல் பேசியது. பத்தொன்பதாம் இலக்க இடத்தில் விக்டோரியா நம்பர் பிளேட்டோடு ஒரு கரவன் நிற்கிறது, அவர்கள் எல்லை மூடிய பிறகு மெல்பேர்னிலிருந்து ஒளித்து வந்தவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பேர் கேட்டார். வைத்துவிட்டாள்.

ஒரு மணித்தியாலம் நெஞ்சு லேசாக இருந்தது. அந்த நாட்களில் அவள் அப்படி இருந்ததேயில்லை. மத்தியானம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள்.

மறுநாள் படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நிரூபா அழைத்தாள்.

"ஆரோ கோள் மூட்டியிருக்கினம், ஜினி. பொலிஸ் வந்தது. ஜூன் மாசத்து ரசீதெல்லாம் காட்டினனான், பாத்திட்டு 'ஸொறி' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டாங்கள். ஆனா பார்க்கில இருக்கிற சனம் நம்பேல்லை. காரில இருந்த தூசியில 'வீட்டுக்குப் போ' எண்டு எழுதிக் கிடக்கு."

"லெட்சுமி?" அந்தப் பேரைத்தான் சிவாஜினி முதலில் கேட்டாள்.

"இராமனுக்குச் சீனி வருத்தம். பயந்து அடுத்த நாளே வேற இடத்துக்குப் போட்டினம். கார்க் கண்ணாடிக்கால கை காட்டினவ, அவ்வளவுதான்." நிரூபா மூக்கை உறிஞ்சினாள். "அதைவிட, டெஸ்ட் எடுத்தாத்தான் நிக்கலாம் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டார். இவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். ரெண்டு மணித்தியாலம் லைன். முன்னுக்கும் பின்னுக்கும் இருமல். மார்ச்சில இருந்து இவரை ஒரு சனத்துக்குக் கிட்ட விடாமக் காப்பாத்தினனான். இப்ப இவருக்குக் காய்ச்சல்."

"மாறிடும் அக்கா" என்று மட்டும் சொன்னாள் சிவாஜினி.

அன்று பின்னேரம் அருந்தவன் வேலையால் வந்து, உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டு வந்ததும், அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் ஈரத் துவாயைக் கதிரையில் விரித்துப் போட்டான்.

"உமக்குக் கரவன்தான் வேணும் எண்டு நான் நினைச்சன்" என்றான். "கரவன் இல்லை, அக்கா எண்டு இப்பதான் விளங்குது."

இரண்டு நாள் அவள் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. சிறிதரனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழும்பிக் குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். சனிக்கிழமை காலையில், காய்ச்சலுக்குத் திரும்ப எடுத்த டெஸ்டின் முடிவு வந்தது. கொரோனா இல்லை. காய்ச்சலும் இறங்கிவிட்டது.

"கடவுள் காப்பாத்திப் போட்டார்" என்று போனில் அழுதுகொண்டே சிரித்தாள் நிரூபா. "இஞ்ச ஒருத்தரும் எங்களோட கதைக்கிறேல்லை. எனக்கு இனி ஆர் இருக்கினம், சொல்லு? நீ ஒருத்திதான்."

எத்தனை நாளாய் அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அது! லெட்சுமி இல்லை, நீ ஒருத்திதான். கேட்டதும் இனிக்கவில்லை. களவெடுத்த பலகாரத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. மூடி மறைத்திருக்கலாம். ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"அக்கா, கோள் மூட்டினது நான்தான்."

"என்ன சொல்லுறாய்?"

"நான்தான் போன் பண்ணினனான். பொய் சொன்னனான். எனக்குப் படங்களைப் பாக்க ஏலாமப் போச்சு. லெட்சுமியைத் தங்கச்சி எண்டு எழுதினதும் என்னால…"

"அவருக்கு ஏதும் நடந்திருந்தா?" நிரூபாவின் குரல் தாழ்ந்து போயிருந்தது. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஜினி. படம் போடாதை எண்டு ஒரு சொல்லு."

போன் நின்றது. அதற்குப் பிறகு செப்டெம்பர் போனது, ஒக்டோபர் போனது. சிவாஜினி மன்னிப்புக் கேட்டு எழுதியவற்றை நிரூபா வாசித்தாள் என்பதற்கு நீலக் கோடுகள் மட்டும் சாட்சி. அத்தானின் மருந்து நேரம் நினைவு வரும்போதெல்லாம் சிவாஜினி "சுகமா?" என்று எழுதுவாள். பதில் வராது. அக்கா இப்போது யாரோடு கதைக்கிறாள், லெட்சுமியோடா என்று அப்போதும் மனம் ஒருமுறை எட்டிப் பார்க்கும். தன்னையே அறைய வேண்டும் போலிருக்கும்.

நவம்பர் இருபத்துமூன்றில் எல்லை திறந்தது. இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், கரவன் யூனிட் வாசலில் வந்து நின்றது. சிறிதரன் முகக்கவசத்தோடு இறங்கிக் கையை ஆட்டினார்.

"பிள்ளை, காஸ் போத்தில் புதுசு. இடப்பக்கத்து டயரை மட்டும் ஒருக்காப் பாக்கச் சொல்லு. அஞ்சு மாசம் பிந்திப்போச்சு, கோவிக்காதை என்ன?"

அவர் சிரித்த சிரிப்பில் கள்ளமில்லை. சிவாஜினி அக்காவைப் பார்த்தாள்.

அவர் அருந்தவனோடு கரவனைக் காரிலிருந்து கழற்றப் போன பிறகு நிரூபா மெதுவாகச் சொன்னாள். "அவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். உனக்காக இல்லை, அவர் தாங்கமாட்டார்."

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

"அவருக்கு ஏலாது, ஆக்களின்ர வீட்டுக்குள்ள வாறது." பிறகு, "எனக்கும் இப்ப ஏலாது" என்றாள்.

பின்வளவில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். மகள் ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்து, பாதியில் நின்று, தூரத்திலிருந்தே பெரியம்மாவுக்கு இரண்டு கையாலும் முத்தம் எறிந்தாள். நிரூபா அதைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது மட்டும் அவள் முகம் இளகியது. சிவாஜினிக்கு மகள்மேலேயே ஒரு கணம் பொறாமை வந்தது.

அவள் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து, அக்காவின் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, விலகிப் போய் நின்றாள். நிரூபா முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கி ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, ஒரே சீனியாக் கிடக்கு. நாப்பத்திநாலு வயசாச்சு, இன்னும் ஒரு தேத்தண்ணி போடத் தெரியேல்லை உனக்கு."

"தாங்கோ, வேற போட்டுத் தாறன்" என்று சிவாஜினி கோப்பையை வாங்க அவசரமாக முன்னால் வந்தாள்.

"அங்கேயே நில்லு" என்றாள் நிரூபா. கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இப்ப வந்து எடு."