மேல வால்வு

அழைப்பை எடுத்ததும் தர்ஷினியின் காதில் முதலில் விழுந்தது மூச்சிரைப்பு. படம் எப்போதும் குரலுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். திரை விரிந்தபோது இரும்புத் தகட்டுத் தரையும் அதில் வேகமாக நடக்கும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. பிறகு பார்வை நிமிர்ந்து, பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பெரிய தொட்டிகளில் நிலைத்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள அரிசி ஆலை அது. காமிராக் கண்ணாடியை மாட்டியிருப்பவள் செம்மொழி, அங்கே நெல் அவிக்கும் பிரிவின் ஆபரேட்டர்.

"மேடம், வீரையண்ணன் இந்த டேங்குக்குள்ள இருக்காரு. ஆவி உள்ள வருது. வால்வு மூடித்தான் இருக்கு, ஆனா வருது."

செம்மொழி வழக்கமாக இப்படித் தொடங்குகிறவள் அல்ல. "கண்ணுக்குள்ளயே உக்காந்திருக்க, என் கண்ணு மை கலைஞ்சிருக்குன்னு ஒரு நாளாவது சொன்னியாடி நீ?" என்பதுதான் அவளுடைய வணக்கம். இன்று மேடம் என்கிறாள். தர்ஷினி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் இருந்தாள் அவள். அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் வேறு யாராவது ஒருவருடைய கண்களுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மேசையில் வானதி ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். பின்வரிசையில் ஒருவர் உப்பளத்தில் நின்று பம்ப் கழற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் சுவாமிமலையில் உலைக்களத்தின் ஊதுவிசிறியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரம் விற்ற நிறுவனங்கள் பழுதென்றால் முன்பு ஆள் அனுப்பும். ஆள் பஸ் ஏறி வந்து சேர இரண்டு நாள் ஆகும். இப்போது வாங்குபவருக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் முகப்பில் ஒரு காமிரா, காதோரம் ஒலிபெருக்கி, விழிக்கு எதிரே ஒளி ஊடுருவும் சின்னத் திரை. அங்கே ஒருவர் பார்ப்பதை இங்கே தர்ஷினி பார்க்கிறாள். இங்கே அவள் படத்தின் மேல் விரலால் ஒரு அம்பு வரைந்தால், அங்கே அந்த அம்பு காற்றில், அந்த வால்வின் மேலேயே பச்சையாக நிற்கும்.

அது எப்படி அங்கேயே நிற்கிறது என்பது தர்ஷினிக்கு இன்றும் அலுக்காத அதிசயம். காமிரா பார்க்கும் காட்சியில் அசையாத சிறு புள்ளிகளை மென்பொருள் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நட்டின் மூலை, துருவின் விளிம்பு, குழாயும் சுவரும் சேரும் கோடு, இப்படி நூற்றுக்கணக்கில். தலை இடப்பக்கம் திரும்பினால் புள்ளிகள் எல்லாம் வலப்பக்கம் நகர்கின்றன. அம்பையும் அதே அளவு நகர்த்திவிடுகிறது. அதனால் அம்பு ஆணி அடித்ததுபோல இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் அம்பைத் தாங்குவது வால்வு இல்லை, வால்வைச் சுற்றியிருக்கும் அழுக்கும் துருவும்தான். புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது தர்ஷினி இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

"வீரையண்ணே, பேசுங்க!" என்றாள் செம்மொழி, தொட்டியின் வாயைப் பார்த்து.

உள்ளேயிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல வந்தது. "என்னத்தப் பேசச் சொல்ற? பாய் என்னை இட்லிப் பானையில வச்சிட்டாரு. சட்னிய ரெடி பண்ணு."

தொட்டியின் மேல் விளிம்பில் லியாகத் அலி குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தார். ஆலையின் சூப்பர்வைசர் அவர். "வாய மூடிக்கிட்டுக் கயித்தப் புடி வீரையா" என்றார்.

நடந்ததைச் செம்மொழி துண்டு துண்டாகச் சொன்னாள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை வெந்நீரில் ஊற வைத்து, நீரை வடித்து, ஆவி கொடுத்து அவிக்க வேண்டும். தொட்டியின் அடி புனல்போலக் குறுகிப் போகும். ஈர நெல் சில நேரம் அங்கே இறுகிக்கொள்ளும், அப்போது ஒருவர் கயிறு கட்டி இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். ஆள் இறங்கும்முன் ஆவிக் குழாயை முழுவதும் அடைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பக்கத்துத் தொட்டியில் நெல் பாதி அவிந்திருந்தது. நடுவில் நிறுத்தினால் அரிசியின் வயிற்றில் வேகாத வெள்ளை விழும், வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான். அதனால் இந்த இரண்டாம் தொட்டியின் வால்வை மட்டும் மூடிவிட்டு வீரையனை இறக்கியிருந்தார்கள். அவர் குத்தியதும் அடைப்பு சட்டென்று உடைந்தது. நெல் கீழே இறங்கி, அவரையும் இடுப்புவரை இழுத்துக்கொண்டு மறுபடி இறுகியது. அந்த நேரம் பார்த்து மூடிய வால்வு கசியத் தொடங்கியது.

"இழுத்தா வரலையா?"

"இழுத்தா கத்துறாரு மேடம். நெல்லு கவ்விப் புடிச்சிருக்கு."

"பாய்லரை நிறுத்தச் சொல்லுங்க."

"பாய்லர்காரரு சாப்புடப் போயிட்டாரு. ஆள் ஓடியிருக்கு. பாய்லருக்குக் களத்தச் சுத்திக்கிட்டு அந்தாண்ட போவணும்."

தர்ஷினி அந்த ஆலையின் குழாய் வரைபடத்தைத் திறந்தாள். பாய்லரிலிருந்து ஒரு தடித்த குழாய் வருகிறது. தொட்டிகளுக்கு முன்னால் அது இரண்டாகப் பிரிகிறது, ஒன்றாம் தொட்டிக்கு ஒன்று, இரண்டாம் தொட்டிக்கு ஒன்று. பிரிந்த கிளை ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு வால்வு. பிரிவதற்கு முன்னால், ஆள் உயரத்துக்கும் மேலே, தடித்த குழாயிலேயே ஒரு பெரிய வால்வு. அதை மூடிவிட்டால் இரண்டு தொட்டிக்கும் ஆவி நின்றுவிடும். அவ்வளவுதான் வேலை. அவள் மூச்சு சீரானது.

"அக்கா, ஒரு வால்வு காட்டுறேன், அதை மூடுங்க" என்று சொல்லித் தலைக்கு மேலிருந்த சக்கரத்தின்மேல் அம்பு வரைந்தாள்.

"சுவத்துல நிக்குதுங்க அம்பு."

"என்னது?"

"அம்பு சுவத்துல நிக்குது. இப்ப கீழ விழுது. இப்ப காணும்."

தொட்டியின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வழிந்து மேடை முழுவதும் பரவியிருந்தது. நட்டும் துருவும் விளிம்பும் ஒவ்வொன்றாக மறைய, பிடித்துக்கொள்ளப் புள்ளி இல்லாமல் அம்பு மிதந்து போயிருந்தது. தர்ஷினி மறுபடி வரைந்தாள். அது மேகத்தில் வரைந்ததுபோலக் கரைந்தது. அடுத்த நொடி காமிராவின் கண்ணாடியிலும் ஆவி படிந்து, திரை பால்போல ஆனது. இனி சொல்தான்.

"அக்கா, அம்பை விடுங்க. நான் சொல்றேன். மேல வால்வு இருக்குல்ல, மேல வால்வு, அதை மூடுங்க. முழுசா."

"மேல வால்வா?"

"ஆமா. மேல வால்வு. சீக்கிரம்."

வெள்ளைத் திரையில் நிழல்கள் ஆடின. இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று, இன்னொன்று. தர்ஷினி தன் கையும் சேர்ந்து திருகுவதைக் கவனிக்கவில்லை. "மூடிட்டேன் மேடம்" என்றாள் செம்மொழி.

தொட்டிக்குள்ளிருந்து வந்த அலறலில் வார்த்தை எதுவும் இல்லை. அதன் பின்னாலேயே, பிரஷர் குக்கரின் விசில் நீளமாகப் போவதுபோல ஒரு சீறல். "அல்லா! அதிகமாவுது, செம்மொழி, அதிகமாவுது! என்ன செஞ்ச?" என்று லியாகத் அலி கத்தினார். வானதி தன் திரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

தர்ஷினியின் விரல்கள் வரைபடத்தின்மேல் நின்றன. பெரிய வால்வை மூடினால் ஆவி குறைய வேண்டும். குறையாமல் அப்படியே இருந்தால் அந்த வால்வும் தேய்ந்திருக்கிறது என்று எண்ணலாம். ஆனால் கூடுகிறது. எதையாவது மூடி ஒரு இடத்தில் அழுத்தம் கூடுகிறதென்றால் ஒரே காரணம்தான், வேறு எங்கோ போய்க்கொண்டிருந்த ஆவியின் வழி அடைபட்டுவிட்டது. எந்த வழி?

"அக்கா, எந்த வால்வை மூடுனீங்க?"

"நீங்க சொன்ன மேல வால்வுதான்!"

"கையத் தூக்கி மூடுனீங்களா, குனிஞ்சு மூடுனீங்களா?"

"குனிஞ்சுதான். ஏன்?"

தர்ஷினி வேதாரண்யத்துக்காரி. அவள் வீட்டில் கடல் இருக்கும் கிழக்குத் திசைக்கு கீழ என்றுதான் பெயர். கீழக்காத்து எழுந்தால் அன்று அவள் அம்மாவுக்கு விற்க மீன் இருக்காது. தெருக்களும் அப்படித்தான், கீழத்தெரு, மேலத்தெரு. மேல என்றால் மேற்கு, ஆகாயம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் முதலில் தோன்றாது. இந்த நாற்காலிக்கு வந்து, வரைபடங்களில் மேல் கீழ் என்று குறித்துக் குறித்து, அம்பு போட்டே பழகி, அந்தச் சொல் அவளுக்குள் திசை மாறியிருந்தது. செம்மொழிக்கு மாறவில்லை. ஒன்றாம் தொட்டி மேற்கே இருக்கிறது, இரண்டாம் தொட்டி கிழக்கே. அவள் மூடியது மேற்குத் தொட்டியின் வால்வை. அங்கே போய்க்கொண்டிருந்த ஆவி முழுவதும் இப்போது கிழக்குத் தொட்டியின் கசிவை நோக்கிப் பாய்கிறது.

"அக்கா, இப்ப மூடுனதத் திறங்க!"

"திறக்கவா? இப்பத்தான மூடச் சொன்னீங்க!"

"திறங்க அக்கா!"

"உள்ள ஒரு மனுசன் வேவுறாரு, நீங்க மூடுங்கறீங்க, திறங்கறீங்க. எதத்தான் நம்புறது நான்?" செம்மொழி அழுதுகொண்டிருந்தாள். திரையின் வெள்ளை அசையவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

குழாய், அழுத்தம், பிரிவு, கசிவு. தர்ஷினியின் நாக்கில் வரிசையாக வந்து நின்றவை எல்லாம் நீளமாக இருந்தன. ஒரு மூச்சுக்குள் அடங்குவது ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, ரெண்டு மடையில மேல மடைய அடைச்சா தண்ணி எங்க போவும்?"

திரையின் வெள்ளை அசைந்தது.

"கீழ மடைக்கு" என்றாள் செம்மொழி. "அய்யோ."

இரும்பு மறுபடி கிறீச்சிட்டது, இந்த முறை வேகமாக. சீறல் இறங்கிப் பெருமூச்சுபோல ஆனது. தர்ஷினி எழுந்து நின்றிருந்தாள். "இப்ப நிமிருங்க. தலைக்கு மேல, ஆகாசத்தப் பாத்தாப்புல ஒரு பெரிய சக்கரம் இருக்கும். கையத் தூக்கித் தடவிப் பாருங்க. சூடா இருக்கும், சாக்கச் சுத்திக்குங்க. இருக்கா?"

"இருக்கு. எட்டல. இருங்க." எதையோ இழுத்துப் போடும் சத்தம். "எட்டுது. இறுகிக் கெடக்கு."

"தொங்குங்க அக்கா. உடம்பப் போட்டுத் தொங்குங்க."

செம்மொழி பல்லைக் கடித்து விடும் மூச்சு தர்ஷினியின் காதுக்குள்ளேயே கேட்டது. சக்கரம் ஒரு முறை முனகிப் பிறகு விட்டுக்கொடுத்தது. சுற்றச் சுற்றப் பெருமூச்சு மெலிந்து, நூலாகி, அறுந்தது. அந்த அமைதியில் தொட்டிக்குள்ளிருந்தும் சத்தம் எதுவும் வரவில்லை.

"வீரையா" என்று கூப்பிட்டார் லியாகத் அலி. திரும்பவும் கூப்பிட்டார்.

கண்ணாடி செம்மொழியின் முகத்திலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. மடமடவென்று ஆட்கள் ஏறும் ஓசை. பூட்டைத் திறங்கடா, அடிக்கதவு வழியா நெல்ல விடு, கயித்த விடாத, மெல்ல, மெல்ல, தோளப் புடி. கீழே நெல் கொட்டும் சத்தம் மழைபோலத் தொடங்கி நெடுநேரம் பெய்தது. தர்ஷினி எதையும் பார்க்க முடியாமல் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானதி தன்னுடைய ஆளிடம் "ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

காமிராவின் மேல் படிந்த ஆவி நீராகி, ஒரு ஓரமாக வழிந்து இறங்கியது. வழிந்த இடத்தில் காட்சி தெளிந்தது. கண்ணாடி தரையில் பக்கவாட்டில் கிடந்தது. அதனால் உலகம் சாய்ந்திருந்தது. தர்ஷினி தலையையும் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பாதங்கள் தெரிந்தன. கணுக்காலுக்கு மேல் தெரியவில்லை, யாரோ குந்தியிருந்த முதுகு மறைத்தது. பாதங்கள் முழுக்க அவிந்ததும் அவியாததுமான நெல் ஒட்டியிருந்தது. தோல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அதைத் தாண்டிச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே. வீரையண்ணே. கால அசைங்க" என்றது செம்மொழியின் குரல்.

பாதங்கள் அப்படியே இருந்தன. படம் உறைந்துவிட்டதா என்று தர்ஷினி இணைப்பின் அடையாளத்தைப் பார்த்தாள். மூன்று கோடுகளும் இருந்தன. யாரோ குடத்திலிருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றத் தொடங்கினார்கள். தண்ணீர் முழங்கால் பக்கமிருந்து இறங்கி வந்து, புறங்காலில் பிரிந்து, விரல்களுக்கு நடுவில் ஓடியது. ஒட்டியிருந்த நெல்மணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தகட்டில் மிதந்து போயின. பெருவிரல் ஓரம் இருந்த ஒரு மணி போகாமல் ஆடியது. அது தண்ணீர் ஆட்டியதா, விரல் ஆட்டியதா என்று தெரியாமல், தர்ஷினி திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.